கண்ணாடிக்காரரின் மூன்று வட்டங்கள்

சாவியைத் திருகுவதற்கு முன் நகத்தால் மூன்று தட்டு. டேஷ்போர்டில் மீட்டர் வட்டத்துக்கு ஒன்று: எண்ணெய் அழுத்தம், பேட்டரி, தண்ணீர்ச் சூடு. மூன்று முள்ளும் அடங்கிக் கிடக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் கண்ணாடிக்காரர் காரைக் கிளப்புவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எனக்குப் பக்கத்து வீடு. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் இவர் குட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார்.

இந்தப் பைத்தியம் சும்மா பிடிக்கவில்லை. போன வருஷம் மச்சினியின் மூத்த மகள் கல்யாணத்துக்குப் போகும் வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. காரோடு வந்த சூட்டு மீட்டரில் எண்ணே கிடையாது. முள் கடைசிவரை நடுவிலேயே நின்று ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நடித்தது. இவரும் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன் சார். நாலு நாள் ஒரு வார்த்தை பேசல அவ."

இப்போது இளையவளுக்குக் கல்யாணம். இந்த முறை கோட்டைவிட்டால் வீட்டில் முகம் காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். எண் போட்ட மூன்று புது மீட்டர்கள் வாங்கியதுகூடக் கண் பரிசோதனை போலத்தான். மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கறுப்பு முக மீட்டரையும் வெள்ளை முக மீட்டரையும் மாற்றி மாற்றி நீட்டினார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"அப்ப உனக்குப் பவர் ஏறியிருக்கு."

கறுப்பு முகம் ஜெயித்தது. அட்டையில் வட்டம் வெட்டி, டேஷ்போர்டு நடுவில் ஒட்டி, இரண்டு நாள் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டை போட்டார். எஞ்சினில் சூட்டை அளக்கும் சென்சாரைத் திருகும்போது தண்ணீர் கசியக்கூடாதென்று மரையில் வெள்ளை டேப் சுற்றினார். ஒன்றல்ல, ஐந்து சுற்று. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

கல்யாணத்தன்று முன்சீட்டில் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர்; பின்சீட்டில் நான். அரை மணி ஓடியும் சூட்டு முள் அசையவில்லை. கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது. "தண்ணி மொத்தமும் போயிடுச்சுபோல" என்று ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கினார். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "எண் இல்லாத மீட்டரை நம்பிப் பாதி தூரமாவது வந்தோம். எண் போட்ட மீட்டரை நம்பினா கால்வாசிகூட வரல."

கண்ணாடிக்காரர் திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டார். "டேப்பு சார், டேப்பு! இரும்பு இரும்பைத் தொட்டாத்தான் முள் பேசும். அஞ்சு சுத்து சுத்தி நானே வாயைக் கட்டிட்டேன்." சூடான எஞ்சினில் சென்சாரைக் கழற்ற முடியாது. சென்சாரையும் எஞ்சினையும் இணைக்க ஒரு துண்டுக் கம்பி போதும். டிக்கியைக் குடைந்தார், என் பையைக் குடைந்தார். ஊர்ப்பட்ட ஸ்க்ரூடிரைவர் இருந்தது, கம்பி மட்டும் இல்லை.

அக்கா தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நீட்டினார். காலையில் ஒரு மணி நேரம் செலவழித்துப் போட்ட கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. கண்ணாடிக்காரர் அந்த ஊசியை வளைத்து, சென்சாரின் உலோக உடம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே செருகினார்.

"ஏறுதுங்க!" என்று காருக்குள்ளிருந்து அக்கா கத்தினார். "நாப்பது... அறுபது... எண்பதுல நிக்குது!"

அதன் பிறகு கண்ணாடிக்காரர் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கம். சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். முள்ளின் நிலவரத்தை அக்காதான் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

மண்டபத்து வாசலில் நிறுத்தியபோது மாப்பிள்ளை வீட்டாரே இன்னும் வந்திருக்கவில்லை. நாற்காலிகளை அப்போதுதான் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் எஞ்சினை அணைத்தார். அக்கா உடனே இறங்கவில்லை. ஒரு கையால் சரிந்த கொண்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கை நகத்தால் மூன்று வட்டத்தையும் வரிசையாகத் தட்டினார்.