மூன்று நிற வார்

"மணியா?" என்று கேட்டுவிட்டு, பின்னிக்கொண்டிருந்த சடையை அப்படியே நிறுத்தி, கைக்கடிகாரம் கட்டிய மணிக்கட்டை வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள் வெர்டெல். "மணி எங்கேயும் ஓடாது. முதல்ல இந்த வாரைப் பாரு. சிவப்பு, நாம சிந்தின ரத்தம். கறுப்பு, நாம. பச்சை, நம்ம மண்ணு."

டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய சடை பின்னும் கடையில் யாரும் எழுந்து ஓட முடியாது. தலை அவள் கையில் இருக்கிறது. அந்த மூன்று நிறமும் கறுப்பின மக்களின் கொடியாக நியூயார்க்கில் பிறந்ததில் தொடங்கி, அவள் அப்பா அலபாமாவிலிருந்து கார்த் தொழிற்சாலை வேலைக்கு ரயிலேறியது வரைக்கும் கதை வந்து சேர்வதற்குள் பாதித் தலை பின்னி முடிந்துவிடும். மணி மட்டும் தெரியாது. பொறுக்கமாட்டாத ரெனிட்டா என்ற வாடிக்கைக்காரி ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்து மாட்டினாள். வெர்டெல் நன்றி சொல்லிவிட்டு, அதன்மேல் தேவாலயத்து நாட்காட்டியைத் தொங்கவிட்டாள்.

அந்த வாரை ஏளனம் செய்த ஒரே ஆள் அவள் தம்பி லோனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், எல்லார் முன்னாலும் சொன்னான்: "பிப்ரவரியில கறுப்பர் வரலாற்று மாசம் வந்தா போதும், நம்ம நிறத்தை நமக்கே விக்கிறான் கம்பெனிக்காரன். எங்க அக்கா வரிசையில நின்னு வாங்குது."

"விக்கிறது அவன். கட்டியிருக்கிறது நான்டா."

லோனி சிரித்தான். அவன் கரண்டி வைக்கப்போன பீச் பழப் பணியாரத்தைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு பேச்சில்லை. தேவாலயத்தில் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கோடையில் லோனிக்கு இதய அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினாள். அவனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கூரையைப் பார்த்தபடியே கேட்டான்: "மணி என்னக்கா?"

"பத்தரை."

லோனியின் முகம் வெளிறிப்போனது. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையே."

"பொய் சொல்லாதே. மணி கேட்டா மணியைச் சொல்றே. நான் பிழைக்க மாட்டேனா?"

வண்டி தள்ளியவர் நின்றுவிட்டார். வெர்டெல் மணிக்கட்டை நீட்டினாள். "முதல்ல இந்த வாரைப் பாருடா."

வண்டி நகர்ந்தது. அவள் பக்கத்திலேயே நடந்தாள். சிவப்பில் குரல் உடைந்தது, கறுப்பில் தேறியது. கதை அலபாமாவுக்கு வந்தபோது அறுவை அரங்கின் கதவும் வந்துவிட்டது.

"அப்பா இன்னும் ரயில் ஏறலையே," என்றான் லோனி.

"நீ வெளிய வா. ஏத்திவிடறேன்."

மறுநாள் காலையில் லோனிக்குக் கண் திறக்க முடிந்தது, தொண்டையில் குழாய் இருந்ததால் பேச வரவில்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ராத்திரியெல்லாம் நாற்காலியில் கிடந்ததில் கை வீங்கி, வார் சதையில் பதிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. லோனியின் விரல்கள் போர்வையிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து கொக்கியைத் தேடிப் பிடித்தன. கழற்றி, ஒரு துளை தளர்த்தி, திரும்பவும் மாட்டிவிட்டன.