நல்லம்மாவின் மரண அறிவித்தல்

நெல்லியடிச் சந்திக்குள் சீவரத்தினத்தின் ஓட்டோ நுழைந்தால் வெற்றிலைக் கடைக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ அது. சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் வீதி வீதியாகப் போய் அறிவிப்பது அவன் தொழில். நம்மவர்களுக்குச் செத்தது யார் என்பது பெரிதல்ல, யாருடைய ஆள் என்பதுதான் பெரிது. இன்னாரின் மகள், இன்னாரின் மாமியார் என்று நீளும் வரிசையில் தெரிந்த பெயர் ஒன்று வந்தால் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்படுவார்கள். வராவிட்டால் மறுபடியும் வெற்றிலைதான்.

சீவரத்தினத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பன் இல்லை. ஊருக்கெல்லாம் கேட்கப் பேசுகிறவனுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. சாவு சொல்லும் குரல் என்று நல்ல காரியங்களுக்கு யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. அது அவனுக்கு வலித்தது.

புத்தூர்ப் பக்கம் போவதென்றால் வல்லை வெளியைக் கடக்கவேண்டும். இரண்டு பக்கமும் உவர்நீர், நடுவே பருத்தித்துறை வீதி, கண்ணுக்கெட்டிய தூரம் வீடு கிடையாது. கொக்குக்கும் நாரைக்கும் எதற்கு அறிவித்தல் என்று ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவான். பாலத்தடியில் இறால் விற்கும் நல்லம்மா கை காட்டுவாள்.

"இண்டைக்கு ஆர் மோனை?"

அவன் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, "பாவம்" என்பாள். ஒரு பிடி இறாலைப் பையில் போட்டு நீட்டுவாள். வன்னிப் போரில் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டுத் தனியே வந்தவள். அவர்களுடைய பழக்கம் அவ்வளவுதான். சீவரத்தினத்துக்கு அதைவிட நெருங்கிய பழக்கம் வேறு இல்லை.

மாரி தொடங்கிய ஒரு காலையில் மீனவர் சங்கத் தலைவர் அவனை அழைத்தார்.

"நல்லம்மா செத்துப்போனா. பின்னேரம் எடுக்கிறம். ஒருக்கா சொல்லிவிடு."

"ஆரின்ரை ஆள் எண்டு சொல்லுறது?"

"அவவுக்கு ஆர் இருக்கினம்? பேரை மட்டும் சொல்லு."

உடுப்பிட்டி வீதியில் பேரை மட்டும் சொன்னான். படலை வாசலுக்கு வந்த பெண்கள் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். சந்தியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லம்மாவின் பின்னால் நடக்கச் சங்கத்து ஆட்கள் நாலு பேர்தான் வருவார்கள் என்பது தெரிந்துபோயிற்று. வல்லைப் பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்தினான். அவள் இருக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. அவனுக்கு அழுகை வந்தது. ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனான்.

"வல்லையை வசிப்பிடமாகக் கொண்ட நல்லம்மா காலமானார். அன்னார், ஒலிபெருக்கிச் சீவரத்தினத்தின் அன்புச் சிறிய தாயாராவார். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

பின்னேரம் சனம் வந்தது. ஓட்டோத் தரிப்பிடத்துப் பெடியள் எல்லாரும் வந்தார்கள். தங்கள் வீட்டுச் சாவை அவன் அறிவித்த நன்றிக்கு எத்தனையோ குடும்பங்கள் வந்தன. வெற்றிலைக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னம்மா இருக்கிறா எண்டு நீ ஒரு நாளும் கதைக்கேல்லையே."

கொள்ளி வைப்பது யார் என்று ஐயர் கேட்டபோது எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சொன்னது பொய்தான். ஆனாலும் சீவரத்தினம் போய் வைத்தான்.

மறுநாள் காலை அவன் உலையை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டுச் சிவகௌரி வாசலில் நின்றாள். வேலிக்கு மேலால் குப்பை விழுந்தால் மட்டும் அவனோடு கதைக்கிறவள். கையில் மூடிய சட்டி இருந்தது.

"செத்தவீட்டுத் துடக்கிலை அடுப்பு மூட்டக்கூடாது அண்ணை. புட்டும் கறியும் கிடக்கு, சாப்பிடுங்கோ. மத்தியானத்துக்குப் பின்வீட்டாக்கள் கொண்டருவினம்."

குசினி அடுப்பின் புகையை அவள் காணாமல் வாசலை மறைத்துக்கொண்டு சட்டியை வாங்கினான். அவள் போனதும் உள்ளே ஓடி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றினான்.