மழையில்லாத நாளில் காய்ந்திருக்கும் குழாய்

எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் பின்வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. கூடத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஒரு வருஷம் என் வலது கை விரல் மூட்டுகள் வீங்கிப்போய், துடைக்கும் துணியைச் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்தக் குழாயைத் திருகுவேன். யாரிடமும் சொன்னதில்லை. கடவுளிடம்கூடச் சொல்லவில்லை, அவருக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், உருண்டைத் திருகு இருந்த இடத்தில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கைப்பிடி இருந்தது. முழங்கையால் தள்ளினாலே தண்ணீர் வந்தது. கீழே, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே எல்போ அண்ணனிடம் போனேன்.

"நானா? எனக்கு ஏது நேரம்" என்றார். "குழாய் தானா வளந்திருக்கும். கடவுள் காரியம், உங்களுக்குத் தெரியாததா தங்கச்சி."

எல்போ என்பது குழாய் திரும்புகிற இடத்தில் போடும் வளைந்த துண்டு. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் அதை வைத்திருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. குழாய் வேலையில் முப்பத்தைந்து வருஷம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார். கையலம்பும் தொட்டிக்கு அடியில்தான் பார்ப்பார். "மேல எல்லாரும் துடைச்சு வெச்சிருப்பாங்க. கீழதான் வீடு தெரியும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கியது பள்ளிக்கூட டீச்சர். முதல் வாரம் நாங்கள் ஐந்து பேர்: டீச்சர், சலூன்காரர், பஸ் ஓட்டுகிற டிரைவர், எல்போ அண்ணன், நான். தண்ணீரிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். டயர், மெத்தை, பாதிக் கதவு, கண்ணாடி உடையாத ஒரு மூக்குக்கண்ணாடி. சலூன்காரர் அதை மாட்டிக்கொண்டு, "இப்பத்தான் டீச்சர் எனக்குக் குப்பையே தெரியுது" என்றார். போகப் போக நாற்பது பேர் ஆனோம். மூன்று வருஷத்தில் கரை கரையாகத் தெரிந்தது. நாணலுக்குள் நீர்க்கோழிகள் வந்தன. அந்தக் கரையில் நடக்கும்போது எனக்குக் கூடத்துக்குள் நடப்பது போலவே இருக்கும். சத்தமாகப் பேசத் தோன்றாது.

டீச்சருக்கு ஒரே ஆசை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நாள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்த வேண்டும். அதற்கு 'ஆற்று நாள்' என்று பெயரும் வைத்துவிட்டார். ஆனால் படித்துறையில் சுகாதார அலுவலகம் நட்ட இரும்புப் பலகை ஒன்று நின்றது: 'தண்ணீரில் இறங்காதீர்.' பலகையை எடுக்க வேண்டுமானால் தண்ணீர் பரிசோதனையில் தேற வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்து பாட்டிலில் பிடித்துப் போனார்கள். பத்தாம் நாள் பதில் வந்தது. தேறவில்லை. குப்பை போய்விட்டது, ஆனால் வீடுகளின் கழிவுநீர் எங்கிருந்தோ கலக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் பலகை நிரந்தரம், படித்துறைக்கும் பூட்டு.

எல்லாரும் சலூனில் கூடினோம். எங்களுக்குக் கூட்டம் போட வேறு இடம் கிடையாது. சுழல் நாற்காலியில் டீச்சர், மற்றவர்கள் பெஞ்சில்.

"கழிவுநீர் எந்த வீட்டுலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு வீட்டுலயும் சாயம் ஊத்திப் பாக்கலாம். ஆத்துல எந்தக் குழாய் வாயில கலர் வருதோ, அதுதான்."

"சாயம் என்கிட்ட பெட்டி பெட்டியா இருக்கு" என்றார் சலூன்காரர். "கறுப்பு வேணுமா, பிரவுன் வேணுமா?"

"தலைக்குப் போடறதை ஆத்துல ஊத்துவியா? மீனெல்லாம் இளமையாயிடும்" என்றார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தோம். எல்போ அண்ணன் சிரிக்கவில்லை. பரிசோதனைப் பதில் வந்த நாளிலிருந்தே அவர் சரியில்லை. சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே எழுந்தார்.

"சாயம் வேண்டாம் டீச்சர். எனக்குத் தெரியும்" என்றார். "ஆத்தை ஒட்டி இருக்கற கீழ்வரிசை. பதினாலு வீடு. குளிக்கற தண்ணி, கழுவற தண்ணி எல்லாத்தையும் மழைத்தண்ணிக் குழாய்ல சேத்து விட்டிருக்கு. அது நேரா ஆத்துக்குப் போகுது. சேத்து விட்டது நான்தான்."

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அந்த வரிசை கட்டியபோது குழாய் போட்டவர் அவர். பாதாளச் சாக்கடைக்குப் போவதென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கச் சந்தில் பாறையை உடைக்க வேண்டும். மழைத்தண்ணீர்க் குழாய் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

டிரைவர் நல்ல மனுஷர். அண்ணனுக்கு ஒரு வழி விட்டார். "மேஸ்திரி சொல்லித்தானே அண்ணே செஞ்சிருப்பீங்க?"

"மேஸ்திரி சொன்னான். கை என்னுது."

சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார். அவருடைய மகள் போன வருஷம் ஆற்றில் விளையாடிவிட்டு வந்து உடம்பெல்லாம் தடித்து, ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

"மூணு வருஷமா என் பக்கத்துல நின்னு சாக்கு பிடிச்சீங்களே" என்றார். "அப்பல்லாம் தெரியாதா?"

"குப்பையை எடுத்தா சரியாப் போயிடும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். "நெனச்சேன்னு சொல்றதுகூடப் பொய்தான். நெனைக்காம இருந்தேன். இந்த ஆறு வாரத்துல பதினாலு வீட்டையும் பிரிச்சு மாத்திடறேன். கூலி வேண்டாம்."

அன்றிலிருந்து சலூன்காரர் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அண்ணனோடு அவர் வீடு வரை நடந்தேன். அண்ணி தையல் மிஷினில் இருந்தார். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"சாயம் ஊத்திக் கண்டுபிடிக்கற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா?" என்றார் அண்ணி. "குழாய்க்காரன் தானே போய் 'என் வேலை தப்பு'ன்னு சொன்னா நாளைக்கு எவன் வீட்டுக்குள்ள விடுவான்?"

"நீ விடுவல்ல, அது போதும்" என்றார் அண்ணன்.

"அதையும் யோசிக்கணும்" என்று சொல்லி அண்ணி மிஷினைத் திரும்ப ஓட்டினார். ஆனால் மறுநாள் காலையில் அண்ணன் கிளம்பும்போது, பழைய போர்வையை நாலு மடிப்பாகத் தைத்து, முழங்காலில் கட்டிக்கொள்ள நாடா வைத்து, இரண்டு மெத்தைத் துண்டு கொடுத்தார். பாறைமேல் மண்டிபோட வேண்டுமே.

அண்ணி பயந்தது நடக்கத்தான் செய்தது. புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கடைக்காரர்கள் அவரைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்கள். அண்ணன் உளியும் சுத்தியலுமாகக் கீழ்வரிசையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். "இருபத்தேழு வருஷம் முன்னாடி உங்க வீட்டுல ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். முடிக்க வந்திருக்கேன்" என்றார். பதினான்கு கதவிலும் இதேதான். சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா காப்பி கொடுத்துவிட்டுத் திட்டினார்.

ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். பாறையில் முழங்கை ஆழத்துக்கு நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பழைய இணைப்பை மூடி, புதுக் குழாயைச் சரிவு பார்த்துப் போட வேண்டும். டிரைவர் ஷிப்ட் முடிந்து வந்து கடப்பாரை பிடித்தார். நாங்கள் கல்லைக் கூடையில் அள்ளினோம். சலூன்காரரும் வந்தார், கல் சுமந்தார், ஆனால் பேச்சு கிடையாது. மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "அக்கா, கூடை நெறஞ்சிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார். அண்ணன், "தங்கச்சி, பாத்து எடுக்கச் சொல்லுங்க, முதுகு பிடிச்சுக்கும்" என்பார். ஐந்து வாரம் நான்தான் டெலிபோன்.

பதின்மூன்று வீடு முடிந்தது. பரிசோதனைக்கு ஆறு நாள் இருந்தது. பதினான்காவது வீட்டுக்காரர், ரிட்டயரான குமாஸ்தா, கதவைத் திறக்கவே மாட்டேன் என்றார். அண்ணன் மூன்று தடவை போனார். மூன்று தடவையும் ஜன்னலிலிருந்தே, "வேண்டாம், போங்க." ஒரு வீடு பாக்கி இருந்தாலும் தண்ணீர் தேறாது என்று எல்லாருக்கும் தெரியும். அன்று கூடத்தில் நான் அந்தக் குமாஸ்தாவுக்காகத் தனியாகப் பிரார்த்தனை செய்தேன். அவர் மனசு மாறட்டும் என்று கேட்கவில்லை. அவருக்கு என்ன கஷ்டமோ, அது எங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் கேட்டேன்.

மறுநாள் நடந்ததைப் பிறகு குமாஸ்தாவே சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னார். வாரம் ஒரு தடவை சலூன்காரர் அவர் வீட்டுக்குப் போய் முகம் மழித்துவிடுவது வழக்கம். அன்றைக்கு நுரை போட்டு, வலது கன்னத்தை வழுவழுவென்று எடுத்துவிட்டு, கத்தியை மடித்துப் பையில் வைத்தாராம்.

"என்னப்பா, இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் குழாய் வேலை முடிஞ்சப்புறம் சார்."

"விளையாடறியா?"

"பதின்மூணு வீடு முடிஞ்சும் உங்க ஒரு வீட்டை மட்டும் விட்டு வெச்சிருக்கீங்களே சார். அது எப்படி இருக்குன்னு கண்ணாடியில பாருங்க."

குமாஸ்தா கண்ணாடியைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது; அதோடு உண்மையும் வந்துவிட்டது. அவர் மனைவி படுத்த படுக்கை. குளியலறையை இரண்டு நாள் மூடினால் அந்த அம்மாளை எங்கே கொண்டுபோவது? இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் கதவை மூடிக்கொண்டிருக்கிறார்.

"இவ்வளவுதானா?" என்றாராம் சலூன்காரர். "பக்கத்து வீட்டுக் குளியலறை இருக்கு. டீச்சரும் அக்காவும் அம்மாகூட இருப்பாங்க. பத்து பேர் சேந்தா காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் மூடிடலாம்." பிறகு இடது கன்னத்தையும் எடுத்துவிட்டு வந்தார்.

அப்படியே நடந்தது. பத்துப் பேரும் வந்தோம். அந்தச் சந்தில் பாறை மற்ற இடங்களைவிடக் கெட்டி. மத்தியானத்துக்குள் அண்ணனுக்குத் தோள் ஓய்ந்துவிட்டது, உளி நழுவியது. யாரோ பின்னாலிருந்து அந்த உளியை வாங்கினார்கள். சலூன்காரர்.

"இப்படிப் பிடிக்கவா அண்ணே?" என்று கேட்டார்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் பேச்சு அது. அண்ணன் அவர் விரல்களை உளியில் சரியாக வைத்துவிட்டார்.

"ரேசர் பிடிச்ச கை" என்றார். "இறுக்காத. கல்லு எங்கயும் ஓடிப்போகாது."

சாயங்காலம் ஐந்தரைக்குக் காடியை மூடினோம். அந்த அம்மாளைப் பக்கத்து வீட்டிலிருந்து அவர் கட்டிலுக்கே கொண்டுவந்து சேர்த்தோம்.

தண்ணீர் தேறியது. டீச்சர் காகிதத்தைப் படித்துக் காட்டும்போது குரல் உடைந்து, மிச்சத்தை டிரைவர் படித்தார். ஆற்று நாளன்று படித்துறையில் நிற்க இடமில்லை. பலகையைக் கழற்ற எல்போ அண்ணனைத்தான் கூப்பிட்டார் டீச்சர். துருப்பிடித்த நான்கு போல்ட். ஸ்பானரைப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவரை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தியவரும் முன்வரிசையில் நின்று கைதட்டினார். மறுவாரம் தன் புது வீட்டுக்குக் கூப்பிட்டும்விட்டார்; வந்த ஆள் போட்ட குழாய் ஒழுகியதாம். அந்தப் பலகை இப்போது சலூனில் பெஞ்சின் பலகை. முடிவெட்ட வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள்.

அறுபத்திரண்டு பிள்ளைகள் நீந்தினார்கள். சலூன்காரர் மகள் மூன்றாவதாக அக்கரை ஏறினாள். சக்கர நாற்காலியில் குமாஸ்தாவின் மனைவியும் வந்து பார்த்தார். கூட்டத்தில் அண்ணனைக் காணோம் என்று தேடிப் போனேன். கீழ்வரிசைக்கு அடியில், மழைத்தண்ணீர்க் குழாய் ஆற்றில் திறக்கிற இடத்தில் குனிந்திருந்தார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு எடுத்து, உள்ளங்கையை என்னிடம் நீட்டினார். தூசி மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"காஞ்சிருக்கு தங்கச்சி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அதன்பிறகு நான்கு ஆற்று நாள்கள் அவரோடு நடந்தன. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோகவே, அவர் மகள் வந்து தன் ஊருக்கே கூட்டிப்போனாள். போன மாதம் அங்கேயே, தூக்கத்தில் கடவுள் அவரை அழைத்துக்கொண்டார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது பஸ் நிலையத்தில். அண்ணி முன் சீட்டில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் டிரைவருடைய பஸ்தான். அண்ணன் ஏறி உட்காரும்வரை கிளப்ப மாட்டேன் என்று டிரைவர் நின்றுகொண்டிருந்தார். சலூன்காரர் பையைத் தூக்கிக் கொடுத்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்த எல்போவை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டார்.

பிறகு ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"கூடத்துக் குழாய்ல வாஷர் தேஞ்சிருக்கும். நீங்க தொடாதீங்க, கை வலிக்கும். இவனுக்கு மாத்தத் தெரியும்" என்றார். பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டி இன்னும் ஒன்று சொன்னார். "மழை இல்லாத நாள்ல ஆத்தோரம் இருக்கற அந்தக் குழாய் வாய்ல கையை விட்டுப் பாருங்க. ஈரம் பட்டா உடனே சொல்லுங்க தங்கச்சி. வந்துடறேன்."