மஞ்சள் குடையின் ஒரு துண்டு

பல்லக்கா பல் செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் அவள் கைவேலை இருக்கிறது. ஒருவருக்கும் அவளைத் தெரியாது. பல் டாக்டர் மாடியில், வெளிச்சமான அறையில், சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். பல்லக்கா கீழே, ஜன்னல் இல்லாத லேபில் இருப்பாள். அவளிடம் ஆள் வராது, ஆளின் வாய் அச்சுதான் வரும். அதை வைத்துப் பல்லை வார்த்து, சீவி, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்ப மஞ்சளும் சாம்பலும் பூசி மேலே அனுப்புவாள். நன்றாக அமைந்துவிட்டால் அதோடு சரி. சரியில்லை என்றால்தான் திரும்பி வரும், "உயரம் கூடிவிட்டது", "கடிக்கும்போது இடிக்கிறது" என்று ஒரு சீட்டோடு. இத்தனை வருஷத்தில் தன் வேலையைப் பற்றி அவள் காதில் விழுந்ததெல்லாம் குறை மட்டும்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாரும் அந்தப் படியில் இறங்கி வந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் ஜிக்சா. ஒரு பெரிய படத்தை ஆயிரம் அட்டைத் துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதுதான். சாப்பாட்டு மேசை முழுக்க அதற்கே தாரை வார்த்தாகிவிட்டது. கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி தண்ணீரில். துணைக்கு இருப்பவள் நாத்தனார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். "காசு குடுத்து ஒடஞ்சதை வாங்கியாந்து ஒட்ட வெக்கிறாங்க எங்க அண்ணி" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மேசையில் இடம் இல்லாததால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். நாலு வார்த்தை பேசாமல் இருப்பாளா?

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆரம்பித்தவர் பெட்டியண்ணன், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒருவர் அடுக்கி முடித்த படத்தைக் கலைத்துத் தபாலில் அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் முடித்து இன்னொருவருக்கு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, போன் எண்ணும் தெரியாது. ஆனாலும் பெட்டி போய்க்கொண்டே இருந்தது, தொலைந்ததும் இல்லை. இது எப்படி நடக்கிறது என்று நாத்தனாருக்குப் புரியவே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த டிபன் டப்பாவே திரும்பி வராத உலகம் அல்லவா இது.

அதற்குக் காரணமாக அங்கே இரண்டு பழக்கங்கள் இருந்தன. மற்ற குழுக்களில் புதிதாக வருகிறவனை, முதலில் விதிகளைப் படி, அப்புறம் வாயைத் திற என்று வாசலிலேயே நிறுத்தி வைப்பார்கள். பெட்டியண்ணன் குழுவில் புதிதாக வருகிறவர் ஆணோ பெண்ணோ, அவர்தான் "புது மாப்பிள்ளை". அடுத்தவர் வந்து சேரும்வரை அந்தப் பட்டம் அவருடையது. இருக்கிற பெட்டிகளில் நல்லதாகப் பார்த்து முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்குத்தான். இரண்டாவது பழக்கம் இன்னும் நல்லது. துண்டு குறைந்தால் எங்கே குறைகிறது என்று சொல்லிவிட வேண்டும்; யாரால் குறைந்தது என்று கேட்கக் கூடாது. கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததால்தான் எல்லோரும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

அங்கேதான் அவளுக்குப் பல்லக்கா என்ற பெயர் வந்தது. ஒரு பெண் தன் படத்தில் நடுவானத்தில் ஓட்டை என்று புலம்பியபோது, ஓட்டைக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொன்னாள் இவள். அதைப் பார்த்து அட்டையை அடுக்கி ஒட்டி, பிளேடால் வெட்டி, வண்ணம் பூசித் தபாலில் போட்டாள். லேபில் செய்வதும் இதே வேலைதானே, வாயைப் பார்க்காமல் பல் கட்டுவது. அந்தப் பெண் எழுதிய நன்றியை நாத்தனாரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு யாருக்குத் துண்டு குறைந்தாலும் பல்லக்காவைக் கூப்பிடு என்றாகிவிட்டது. அவள் செய்ததையும் அச்சில் வந்ததையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகவே, செய்த துண்டின் பின்புறம் மையால் ஒரு புள்ளி வைக்கலாம் என்று பெட்டியண்ணன் சொன்னார். அன்றிலிருந்து புள்ளி வைத்தாள்.

இப்படிப் பாலும் தேனுமாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் குட்டையைக் குழப்பியது வேறு யாருமில்லை, பல்லக்காதான்.

அந்தச் சமயம் புது மாப்பிள்ளையாக இருந்தவன் பஞ்சர் கடைக்காரன். ஒரு பெட்டியைத் தொடுவதற்கு முன் கிரீஸ் போக மூன்று தடவை சோப்புப் போடுவதாகக் கூச்சத்தோடு எழுதியிருந்தான். பெட்டியண்ணன் தன்னிடம் இருந்ததிலேயே அருமையான பெட்டியை அவனுக்கு அனுப்பினார். மழை விட்ட ரயில் நிலையம், ஈரத் தரை, நடுவில் மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண். நடுவே ஒருநாள் அவன், ஒரு துண்டு வீட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, தவழ்ந்து தேடி எடுத்துவிட்டேன் என்று எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள். முடித்ததும் ஒன்றும் குறையவில்லை என்று சொல்லிப் பல்லக்காவுக்கு அனுப்பினான்.

பல்லக்கா நாலு மாலைகளில் ஓரத்தை முடித்து நடுவுக்கு வந்தாள். குடையின் ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் விரல் நின்றுவிட்டது. இயந்திரம் வெட்டின ஓரம் இல்லை இது, பிளேடு வெட்டினது. மஞ்சளுக்கு அடியில் சாம்பல் பூசி ஆழம் காட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தாள். புள்ளி இல்லை. கெட்டிக்காரக் கை, ஆனால் கள்ளக் கை என்று நினைத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜ் கதை உடனே நினைவுக்கு வந்தது. தொலைத்துவிட்டு, யாரிடமோ கொடுத்துச் செய்து வாங்கி, ஒன்றும் குறையவில்லை என்று நல்ல பிள்ளையாக எழுதியிருக்கிறான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொலைத்ததற்குக் கோபமில்லை. தன் குழுவில் ஒருவன் ஒளித்துவிட்டானே என்றுதான்.

நாத்தனார்கூட அன்றைக்குப் பார்த்து நல்ல புத்தி சொன்னாள். விடுங்கள் அண்ணி, ஆயிரத்தில் ஒன்று என்றாள். கேட்டால்தானே? துண்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, பல்லக்கா எழுதினாள்: "இதை யார் செஞ்சது மாப்பிள்ளை? தொலைச்சதைச் சொல்லியிருந்தா நானே செஞ்சு குடுத்திருப்பேனே. ஏன் மறைச்சீங்க?"

அந்தக் குழுவில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது.

அவன் பதில் சின்னதாக வந்தது. "நான் எதையும் மறைக்கல அக்கா." அடுத்த வரியிலேயே, அவன் குழுவை விட்டு விலகிவிட்டான் என்று போன் சொன்னது. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் அவள் பக்கம் பேசவும் இல்லை. நியாயத்தைத்தானே கேட்டேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் லேபில் இருக்கும்போது பெட்டியண்ணன் போன் செய்தார். எடுத்த எடுப்பில் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் குடைத் துண்டு உங்க கைவேலைதான் பல்லக்கா. ஆரம்பத்துல நான் வரைஞ்சு அனுப்பி நீங்க செஞ்சு குடுத்தது. புள்ளி வெக்கிற பழக்கம் அதுக்கப்புறம்தானே வந்தது. மூடியில எழுதி வெக்காதது என் தப்பு."

பல்லக்காவுக்குக் கையில் இருந்த அச்சைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. தபாலில் போட்டதோடு சரி, அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. குறை சொல்லித் திரும்பி வருகிற வேலையைத்தான் அவளுக்கு அடையாளம் தெரியும். நன்றாக அமைந்து ஒரு படத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த தன் வேலையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கள்ளக் கை என்று வேறு நினைத்துவிட்டாள். அவமானத்தில் காது சுட்டது.

இதைக் குழுவில் சொல்லாமல் ஏன் தனியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். "அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லையே" என்றார் அவர்.

அன்று மதியமே எழுதினாள். பூசி மெழுகவில்லை. துண்டைச் செய்தது தான், அதை மறந்தது தான், கேட்கக் கூடாததைக் கேட்டதும் தான், மாப்பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினாள். கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். முதலில் எழுதியது, வானத்தில் ஓட்டை விழுந்த அந்தப் பழைய பெண். மாப்பிள்ளைதான் தொலைத்து மறைத்திருப்பான் என்று தானும் மனசுக்குள் நினைத்ததாகவும், பல்லக்கா வாய்விட்டுக் கேட்டாள், தான் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றும் எழுதினாள். பின்னால் இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். அதைப் படித்தபோதுதான் பல்லக்காவுக்கு அழுகை வந்தது.

அவன் எண் அவளிடம் இல்லை. பெட்டியண்ணன் அவனைக் கேட்டுவிட்டுத்தான் தருவேன் என்றார். அவன் வேண்டாம் என்றானாம். அதனால் அவள் எழுதிய மன்னிப்பை அப்படியே, அவள் எண்ணோடு, அவனுக்கு அனுப்பிவைத்தார். பதில் இல்லை. ரயில் நிலையப் பெட்டி அவள் அலமாரியிலேயே இருந்தது. குடைத் துண்டின் பின்புறம் புள்ளி வைத்தாள், மூடியிலும் எழுதினாள். அடுத்தவருக்கு அனுப்ப மனம் வரவில்லை. நாத்தனார்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மாதம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பதாகப் போன் சொன்னது. பஞ்சர் கடைக்காரன்தான். எங்கே போயிருந்தாய், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. "புது மாப்பிள்ளை வந்தாச்சு" என்று பெட்டியண்ணன் எழுத, ஆளாளுக்கு வரவேற்றார்கள். பல்லக்காவும் வாங்க மாப்பிள்ளை என்று எழுதினாள். வழக்கப்படி முதல் பெட்டி அவனுடையது. எது வேண்டும் என்று கேட்டதற்கு, அந்த ரயில் நிலையத்தையே இன்னொரு தடவை அனுப்பச் சொன்னான்.

அனுப்பிவிட்டு, வேலை திரும்பி வருமோ என்று லேபில் காத்திருப்பதுபோலவே காத்திருந்தாள். ஒரு மாலை, தெரியாத எண்ணிலிருந்து அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. குறை என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே திறந்தாள்.

"அக்கா, முழுசா அடுக்கிட்டு நீங்க செஞ்சது எதுன்னு தேடினேன். குடைதான்னு தெரியும், அப்பவும் கண்டுபிடிக்க முடியல. கடைசியில ஒண்ணொண்ணா எடுத்துத் திருப்பித்தான் பாத்தேன். இது என் நம்பர், வெச்சுக்கோங்க."

கீழே படம். ஈரத் தரை, ரயில், மஞ்சள் குடை. எங்கேயும் ஓட்டை இல்லை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார், அண்ணி முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன அண்ணி, மறுபடியும் கம்ப்ளெயின்டா?"

"இல்லம்மா" என்றாள் பல்லக்கா. "நல்லா இருக்காம்."