நகலில் விட்டுப்போன நாலு பேர்

இதை எழுத எனக்குப் பல வருஷமாகக் கை வரவில்லை. பகவான் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பாரிவாக்கத்தில் எங்கள் பஜனைச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. சங்கம் தொடங்கிய நாளில், தொடங்கியவர்களின் பெயர்களை எழுதிய புத்தகத்தைக் கரையான் அரித்ததால், புதுப் புத்தகத்தில் நகலெடுத்தேன். கையெழுத்துப் போட்டவர்களை எல்லாம் எழுதினேன். நாலு பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். ரேகையை நகலெடுக்க முடியாதே என்று அவர்கள் பெயரையும் விட்டுவிட்டேன். சுவாமி பெயர் உள்ள காகிதத்தை எரிக்கக் கூடாதென்று பழைய புத்தகத்தைக் குளத்தில் விட்டேன்.

அடுத்த மார்கழியில், சங்கத்தைத் தொடங்கியவர்களின் குடும்பத்தார்தான் பஜனை விளக்கை ஏந்தலாம் என்று தீர்மானமானது. தன் அப்பாவும் சங்கத்தைத் தொடங்கியவர் என்று ஏர் ஓட்டும் முருகேசன் விளக்கை எடுக்க வந்தார். தலைவர் புதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க நைனா பேரே இல்லியே மாமே! கனாவுல வந்து சேந்தாரா?”

முருகேசன் என்னிடம் திரும்பினார். “அண்ணாத்தே, எங்க நைனா கைநாட்டு வச்சாரே. நீ பாத்துகீறல்ல?”

எதிரே ராமர் படம். வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும்.

“பாத்தேன். நான்தான் எய்தாம வுட்டுட்டேன்” என்றேன்.

முருகேசன் திட்டவில்லை. “இப்பவாவது எய்து, அண்ணாத்தே” என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டார்.

மூன்று பெயர்களை எழுதினேன். நாலாவது யாரென்று எனக்கும் ஞாபகம் வரவில்லை, ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வரி இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பூஜையில் அவருக்கென்று தினமும் ஒரு பூ போடுகிறேன்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.