முகத்துவாரத்து இரட்டைப் பனை

ஒரு பனைமரத்தைச் சாய்த்து ஒரு மனிதரைக் கொன்றவன் நான். சட்டப்படி அது கொலை இல்லை, யாரும் என்னைக் கேள்வி கேட்கவும் இல்லை. கட்டடப் பொறியாளராகவே காலம் தள்ளியவன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், அதையொட்டித் தாழம்புதர் மண்டிய மணல்மேடு. மேட்டின் உச்சியில் ஒரு பனை, அதற்கு முன்னால் கரையோரம் இன்னொன்று. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போவார்கள். மீனவர்களுக்கோ அவைதான் வழி. கடலிலிருந்து திரும்பும்போது, முன்மரம் பின்மரத்தை மறைத்து இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் படகைத் திருப்பினால் ஆழமான தண்ணீர், கொஞ்சம் தப்பினால் மணல்திட்டு. அங்கே ஒரு ரிசார்ட் கட்டும் வேலை என் பொறுப்பில் இருந்தது. மதில் வரவேண்டிய இடத்தில் கரையோரப் பனை நின்றது.

"சார், அத மட்டும் தொடாத சார். ரெண்டும் ஒன்னா தெரிஞ்சாத்தான் எங்க ஊட்டுக்கு வழி," என்றார் ஏழுமலை என்கிற மீனவர். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் ஆண்கள் எல்லாரும் கடலிலும் பெண்கள் மீன் சந்தையிலும் இருந்தபோது பொக்லைனை விட்டு வேரோடு சாய்த்தேன். அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்தேன்.

மற்ற படகுகள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பின. மரம் இல்லாததைப் பார்த்து, தடவித் தடவிக் கரை சேர்ந்தன. ஏழுமலையும் தம்பி வேலுவும் மட்டும் அந்தி மழையில் வந்தார்கள். தூரத்தில் ஒற்றைப் பனை. "ஒன்னாயிடுச்சி, திருப்புடா," என்றாராம் ஏழுமலை. ஒரே மரம் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றாகத்தானே தெரியும். படகு திட்டில் மோதிக் கவிழ்ந்தது. வேலு நீந்திப் பிழைத்தான், அண்ணன் பிழைக்கவில்லை. மரம் காற்றில் விழுந்துவிட்டது என்று நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள்.

ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் குடியேறிப் பல வருடமாகிவிட்டது. போன ஐப்பசியில் ஒருநாள் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றேன். இருட்டும் வேளை, தூறல். மண்ணூர்பேட்டைப் பக்கம், தகரக் கூரைகளுக்கு மேலே இரண்டு பனைகள் நின்றன. நான்கடி தள்ளிப்போனேன், விலகின. திரும்பி வந்தேன், நெருங்கின.

"இன்னா நைனா, மானத்தையே பாத்துகினு கீறே? பஸ்ஸு ரோட்லதான் வரும்," என்றார் ஓர் ஆட்டோக்காரர். பனைகளைக் காட்டினேன். "அங்க கரண்டு கம்பிதான் கீது. கண்ணு செக்கப்பு பண்ணு நைனா."

இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி பார்த்துப் பார்த்து நடந்தேன். ஏன் நடந்தேன் என்று கேட்காதீர்கள். தப்பான சந்தில் நுழைந்தால் விலகும், சரியான சந்தில் சேரும். கடைசியில் ஒரு வரிசை வீட்டு வாசலில் இரண்டு பனைகளும் மறைந்துபோயின. கதவைத் திறந்தது ஏழுமலையின் மனைவி தேசம்மா. துணி தைக்கும் கம்பெனி வேலைக்காக அவள் குப்பத்தை விட்டு அங்கே குடிவந்திருந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"நீ அந்த ரிசார்ட்டு சார்தானே? ஊட்டுக்கு வழி யாரு சொன்னது?"

மரம் விழவில்லை, நான்தான் சாய்த்தேன், அவர்கள் கடலில் இருந்த நேரம் பார்த்துச் சாய்த்தேன் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"நாந்தான் தப்பா திருப்பி அண்ணன கொன்னுட்டேன்னு எங்கொழுந்தன் இன்னிக்கும் குடிச்சிட்டு அழுவுறான். எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அவங்கிட்ட போய் சொல்லு. அப்பால அந்த எடத்துல ஒரு கம்பத்த நடு."

போய்ச் சொன்னேன். வேலு அறைந்தான், வாங்கிக்கொண்டேன். ரிசார்ட் எப்போதோ மூடிப் பாழாய்க் கிடந்தது. மேட்டுப் பனை மட்டும் அப்படியே நின்றது. நான் சாய்த்த பனை இருந்த இடத்திலேயே, குப்பத்தாரோடு சேர்ந்து வெள்ளையடித்த இரும்புக் கம்பம் ஒன்றை நட்டேன். வேலு மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினான்.

கொஞ்ச நாளில் அவனிடமிருந்து போன். "சார், நேத்து மழையில கம்பத்தாண்ட நின்னு கைய காட்னியே, நீ இல்லாங்காட்டி திட்டுல ஏறியிருப்போம்."

முந்தைய நாள் நான் முழங்கால் வீங்கி வீட்டில் கிடந்தேன். மனைவியைக் கேட்டேன். "சாயங்காலம் பூரா நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க. காபி ஆறிப்போச்சுன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்லையே," என்றாள்.

அதிலிருந்து, மழை இருட்டினால் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நேற்றும் கொடுத்தேன். இன்று காலை வேலு மறுபடி கூப்பிட்டு நன்றி சொன்னான்.

"ஆனா ஒண்ணு சார்," என்றான். "வர வர ரொம்ப உள்ள வந்து நிக்கிற. நேத்து மாரு வரைக்கும் தண்ணி."