பதினேழாவது பெயர்

நூறு நாள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் காலில் ஜல்லி லாரி ஏறியது. மறுநாள் காலை உத்திரமேரூர் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்துவிட்டோம். அந்த இடத்தில் வேகத்தடை வேண்டும் என்று நான்கு தேர்தலாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நாங்களும் நம்பி, வெயிலில் வரிசை கட்டி நின்று போட்டோம். எங்களைப் போல ஏமாளிகள் எங்கே கிடைப்பார்கள்!

மதியத்துக்குள் போலீஸ் வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. மின்விசிறி, தண்ணீர் கேன் எல்லாம் இருந்தன. சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கால்நீட்டி உட்கார்ந்தோம். பெண் போலீஸ் ஒரு தாளை நீட்டி, எல்லோர் பெயரையும் எழுதித் தரச் சொன்னார். மகளிர் குழுவில் தீர்மானம் எழுதி எழுதி, என் கையெழுத்தின்மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. முந்திக்கொண்டு நானே வாங்கினேன்.

பதினாறு பேரை எழுதியபோது என் மகள் வந்து சேர்ந்தாள். காவலர் தேர்வுக்காகக் காஞ்சிபுரத்தில் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தவள், விஷயம் தெரிந்து என்னைத் தேடி வந்திருந்தாள். காலையில் நாஷ்டாகூடத் தின்னவில்லை.

"பசிக்குதும்மா," என்றாள்.

"லிஸ்டுல கீறவங்களுக்குத்தான் சாப்பாடு," என்றார் பெண் போலீஸ்.

நான் யோசிக்கவே இல்லை. பதினேழாவதாக அவள் பெயரை எழுதினேன். தக்காளிசாதப் பொட்டலம் ஒன்று அவளுக்கும் வந்தது. சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அந்த வாரமே வேகத்தடை வந்தது. நான்கு தேர்தலில் நடக்காதது ஒரு காலைப்பொழுதில் நடந்துவிட்டதென்று தெருவே குதித்தது. நானும் குதித்தேன்.

மகள் எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்திலும் தேறினாள். பிறகு விசாரிக்க வந்த போலீஸ்காரர் வாசலிலேயே நின்றார்.

"மறியல் கேஸ்ல ஒங்க பொண்ணு பேரு கீதும்மா. அது முடியாம வேலை கெடைக்காது."

நான் எழுதிக் கொடுத்த பெயர்களை வைத்துத்தான் வழக்குப் போட்டிருந்தார்கள். மகள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பசிக்குதுன்னு நான்தானே சொன்னேன்," என்றாள்.

அடுத்து வந்த தேர்தலில், ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டே வழக்கைப் பற்றிச் சொன்னேன்.

"ஜெயிச்சதும் மொத வேலை அதாம்மா," என்று தலையாட்டினார். பழைய தலையாட்டல்தான். தெரிந்தே போட்டேன். மகள் தன் முதல் ஓட்டையும் அவருக்கே போட்டாள். அவர் ஜெயித்தார். மூன்று முறை போய் நின்றேன். "கோர்ட்டு விஷயமாச்சே," என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு வயது வரம்பு நெருங்குகிறது.

போன மாதம் வேகத்தடை தேய்ந்து தரையோடு தரையாகிவிட்டது. மறுபடியும் மறியல் என்று தெருப் பெண்கள் வந்து கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்று கதவைச் சாத்தினேன். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்ளட்டும். திரும்பிப் பார்த்தால், மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பிக்கினு கீற? கேஸு இன்னும் முடியல."

"அன்னிக்கி ரோட்டுல ஒக்காராமலே கேஸு வாங்கினேன். இன்னிக்கி ஒக்காந்துட்டு வாங்கிக்கிறேன், வுடும்மா."

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"இரு, சோறு கட்டித் தர்றேன்," என்றேன். "அங்க குடுத்தா வாங்காத."